எஃகின் மேல் எழுத்து: செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய சுழல்துப்பாக்கிகளை மதிப்பிடும் முறை

தமிழில் நாம் வழங்கும் 'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கி மொழியின் 'துஃபெக்' என்ற சொல்லோடு உறவுடையது என்பது மொழியறிந்தோர் கருத்து. சொல் மேற்கே துருக்கியரிடமிருந்து கிழக்கே நம்மிடம் வந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பொருளின் புதியதொரு வடிவம் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, பொன் பதித்த பரிசுப் பொருளாக இஸ்தான்பூலின் அரண்மனைக்குள் நுழைந்தது. உஸ்மானியப் பேரரசர் சுல்தான் அப்துல் மஜீத் (ஆட்சிக் காலம் 1839 - 1861) அவர்களுக்கு, அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலதிபர் சாமுவேல் கோல்ட், செதுக்கு வேலையும் பொன்வேலையும் செய்த சுழல்துப்பாக்கி ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். உருசியர் தம்மிடம் துப்பாக்கி வாங்குகின்றனர் என்று சுல்தானிடமும், துருக்கியர் வாங்குகின்றனர் என்று உருசியரிடமும் சொல்லி, இருவரிடமும் அவர் கொள்முதல் பெற்றார் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின் காலம் அது.

இந்தச் செய்தி எனக்கு நூல்வழி வந்ததன்று. ஒரு நண்பரின் துன்பத்தின் வழியாக வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், வளைகுடா நாடொன்றில் தொழில் செய்யும் அந்நண்பர் எனக்குச் சில நிழற்படங்களை அனுப்பி வைத்தார். பழைய சுழல்துப்பாக்கி ஒன்று. அதன் குழலிலும் சட்டகத்திலும் கொடிக்கோல வேலைப்பாடு. பிடியின் பின்பட்டையில் சுல்தானிய முத்திரையான 'துக்ரா'. அதன் கீழே ஹிஜ்ரி 1270 என்ற ஆண்டு. அது கோல்ட் நிறுவனம் சுல்தான் அப்துல் மஜீதின் அவைக்கு அனுப்பிய அன்பளிப்புகளுள் ஒன்று என விற்பவர் கூறியிருந்தார். நண்பர் தமது பல்லாண்டுச் சேமிப்பின் ஒரு பகுதியை முன்பணமாகவும் கொடுத்துவிட்டார். "ஹஜ்ரத், அந்த அரபு எழுத்தை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள்" என்பதே அவர் என்னிடம் கேட்டது. அந்த ஓர் எழுத்தை வாசிப்பதற்காக நான் கற்க நேர்ந்தவற்றையே இங்கு வாசகர்களுக்கு எடுத்துரைக்கிறேன். துக்ரா என்ன சொல்லிற்று என்பதை அதற்குரிய இடத்தில் கூறுவேன்.

கேப்பு யுகம்

தீபாவளிக் காலத்தில் சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் கேப்பை நாம் அனைவரும் அறிவோம். தட்டினால் வெடிக்கும் அந்த மருந்தின் முன்னோடியைத் துப்பாக்கியில் பயன்படுத்த வழி கண்டவர் அலெக்சாந்தர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் கிறித்தவப் போதகர். 1807இல் அவர் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் தீக்கல்லில் எழும் பொறியே வெடிமருந்தைப் பற்ற வைத்தது. மழையிலும் காற்றிலும் அது ஏமாற்றிவிடும். 1820களில், தட்டினால் வெடிக்கும் மருந்தைச் சிறு செப்புக் குப்பிக்குள் அடைத்த கேப்பு வழக்கிற்கு வந்தது. துப்பாக்கியின் 'குதிரை' எனப்படும் பாகம் கேப்பின்மீது அடிக்க, தீ உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்ற வைக்கும்.

இந்த முறையைச் சுழலும் உருளையோடு இணைத்து, தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத்தக்க வடிவம் கொடுத்தவர் சாமுவேல் கோல்ட் (1814 - 1862). 1835இல் இங்கிலாந்திலும் 1836 பிப்ரவரி 25இல் அமெரிக்காவிலும் அவர் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் நொடித்துப் போயிற்று. 1847இல் அமெரிக்க அரசுக்காகச் செய்த 'வாக்கர்' என்னும் கனத்த துப்பாக்கியே அவரை மீண்டும் நிலைநிறுத்தியது. அவ்வகையில் ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்டன. பின்னர் ஹார்ட்ஃபோர்டு நகரில் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து 'டிராகூன்', 1849ஆம் ஆண்டின் சட்டைப்பை வகை, 1851ஆம் ஆண்டின் 'நேவி', 1860ஆம் ஆண்டின் 'ஆர்மி' ஆகியன வெளிவந்தன. நேவி வகையில் ஹார்ட்ஃபோர்டில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. 1853 முதல் 1856 வரை இலண்டனிலும் கோல்ட் ஒரு தொழிற்சாலை நடத்தினார்.

இந்த யுகம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. உருளையை முழுவதும் துளைத்து, பின்புறமாகத் தோட்டாவை இடும் முறைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855இல் பெற்றிருந்த காப்புரிமை 1869இல் முடிவுற்றது. அதன் பின்னர் உலோகத் தோட்டாக்கள் கேப்பு முறையை வழக்கொழியச் செய்தன. ஆகவே சேகரிப்பாளர் தேடும் காலம் பெரும்பாலும் 1836க்கும் 1870களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. எல்லை குறுகியதாகவும், பொருள்கள் எண்ணிக்கை உடையனவாகவும், ஒவ்வொன்றிலும் தொடர் எண் பொறிக்கப்பட்டனவாகவும் இருப்பதே இத்துறையை ஆய்வுக்கு ஏற்றதாக ஆக்கியுள்ளது.

அச்சும் உளியும்

புதிதாக இத்துறையில் இறங்குவோர் செய்யும் முதல் தவறு ஒன்றுண்டு. கோல்ட் துப்பாக்கியின் உருளையில் காணப்படும் காட்சியைக் கண்டு, அதனைக் கைவேலை என எண்ணிவிடுவர். உண்மையில் அக்காட்சி எஃகு அச்சு ஒன்றை உருளையின்மீது அழுத்தி உருட்டிப் பதித்ததாகும். வங்கித்தாள்களுக்கு அச்சு செதுக்கி வந்த வாட்டர்மன் ஆம்ஸ்பி என்பவர் அந்த அச்சுகளை உருவாக்கினார். வாக்கர், டிராகூன் வகைகளில் டெக்சஸ் காவற்படையினர் பழங்குடியினரோடு பொருதும் காட்சி. சட்டைப்பை வகையில் வழிப்பறிக்காரர் பயணவண்டியைத் தாக்கும் காட்சி. நேவி வகையில் டெக்சஸ் கடற்படை மெக்சிகோவினரோடு 1843 மே 16 அன்று செய்த கடற்போர். சாதாரணத் துப்பாக்கிகள் அனைத்திலும் இவை உள்ளன. போலி செய்வோரைத் தடுப்பதற்கும் இவை பயன்பட்டன. இக்காட்சி தெளிவாக எஞ்சியிருப்பது பொருளின் நன்னிலைக்குச் சான்று. அது சிறப்பு வேலைப்பாட்டுக்குச் சான்றாகாது.

கைவேலை என்பது சிற்றுளியும் சிறு சுத்தியும் கொண்டு, குழல், சட்டகம், குதிரை, விசைக்காப்பு வளையம், பின்பட்டை ஆகியவற்றில் ஒவ்வொரு கோடாக வெட்டிச் செய்வது. வாங்குவோர் தனியே பணம் கொடுத்துச் சொல்லி வைத்தாலன்றி இது செய்யப்படுவதில்லை. அல்லது கண்காட்சிக்காகவும், மன்னர்கள், தளபதிகள், அமைச்சர்கள் ஆகியோருக்கு அன்பளிப்பாகவும் நிறுவனமே செய்வித்தது. எனவே மொத்த உற்பத்தியில் இத்தகையன மிகச் சிறு பகுதியே.

இக்கலையின் வல்லுநர்களுள் பலர் செருமானிய நிலப்பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள். பிரசியாவில் 1827இல் பிறந்த குஸ்தாவ் யங் 1850களின் தொடக்கத்தில் கோல்ட் நிறுவனத்தின் வேலையை ஏற்றார், 1869இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்துக்குச் சென்றார், 1895இல் மறைந்தார். நெருக்கமான கொடிச்சுருள்களும், அவற்றின் பின்னணியில் நுண்ணிய புள்ளிகளும், குதிரையின் பக்கங்களில் ஓநாய்த் தலையும் அவரது பட்டறைப் பாணியின் அடையாளங்கள். நியூயார்க்கில் தொழில் செய்த லூயி டேனியல் நிம்ஷ்கே (1832 - 1904) மற்றொரு பெருங்கலைஞர். தாம் செதுக்கிய பகுதிகளில் மை தடவித் தாளில் ஒற்றியெடுத்து, ஏடொன்றில் ஒட்டி வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அந்த ஏடு 1965இல் நூலாக வெளிவந்தது. ஒரு துப்பாக்கியின் சுருளை அந்த ஒற்றுப்படியோடு பொருத்திப் பார்த்து, இது அவர் கைவேலையே என உறுதி செய்யும் வாய்ப்பு அதனால் கிட்டியது. ஓர் ஆசிரியர் தம் கைப்பட எழுதிய மூலப்படி கிடைத்துவிட்டால், பின்னர் வந்த பிரதிகளை அதனோடு ஒப்பிட்டு முடிவு காண்பது போன்றது இது.

ஆங்கிலேயத் துப்பாக்கிகளை அளக்கும் கோல் வேறு. இராபர்ட் ஆடம்ஸ் 1851இல் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கியும் அதன் வழிவந்தவையும் ஓரங்களில் எளிய கொடிவேலையுடனேயே பொதுவாக விற்பனைக்கு வந்தன. அதனால் மெல்லிய செதுக்கு வேலை அங்கே அரிய செய்தி அன்று. அவற்றில் கவனிக்க வேண்டியது விற்பனையாளர் பெயர். இந்தியாவுக்குக் கப்பலேறிய படை அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் துப்பாக்கி வாங்கும் வழக்கம் இருந்தது. கல்கத்தாவின் மேண்டன், ரோடா போன்ற கடைகளின் பெயர் பொறித்தவை இன்றும் ஏலங்களில் தலைகாட்டுகின்றன.

சான்றுகளின் இரு பகுதிகள்

ஒரு செய்தியை ஏற்கும் முன்னர், அதனை அறிவித்தவர்களின் தொடரையும் செய்தியின் வாசகத்தையும் தனித்தனியே ஆராய்வது ஹதீஸ் கலை அறிஞர்களின் முறை என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவர். பழம்பொருள் ஆய்விலும் இதே இரு பகுதிகள் உள்ளன. பொருள் யார் யார் கைகளில் இருந்து வந்தது என்னும் உடைமை வரலாறு ஒன்று. பொருள் தன் உடலால் சொல்லும் சான்று மற்றொன்று.

கேப்புத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை முதற்பகுதி பெரும்பாலும் அறுந்த தொடராகவே கிடைக்கிறது. 1864 பிப்ரவரி 5 அன்று ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் பெருந்தீ விபத்து நேர்ந்தது. கேப்புக் காலத்துக்கு எஞ்சியுள்ள தொழிற்சாலைப் பதிவேடுகள் முழுமையானவை அல்ல. பிற்காலத் துப்பாக்கிகளுக்கு நிறுவனத்திடமிருந்து பெறத்தக்க சான்றுக் கடிதம், முற்காலச் செதுக்கு வேலைப் பொருள்கள் பலவற்றுக்குக் கிடைப்பதில்லை. குடும்பக் கடிதங்கள், பழைய நிழற்படங்கள், அக்கால நாளிதழ்ச் செய்திகள், முந்தைய ஏலப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்தே தொடரைக் கட்ட வேண்டும். "எங்கள் பாட்டனார் சொன்னார்" என்பது மட்டும் சான்றாகாது. பாட்டனார் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் கேட்டது தவறாக இருக்கலாம்.

ஆகவே இரண்டாம் பகுதியே முதன்மை பெறுகிறது. பொருளைக் கையில் எடுத்தவுடன் முதலில் அதில் மருந்து அடைக்கப்பட்டுள்ளதா என்பதைத் தகுதியுடையவரைக் கொண்டு பார்க்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் உள்ளே கிடக்கும் கருமருந்து உயிருடன் இருக்கக்கூடும். அதன் பின்னரே பிற ஆய்வுகள்.

முதலாவது, எண்கள். கோல்ட் துப்பாக்கியின் தொடர் எண் சட்டகம், குழலின் அடிப்பகுதி, விசைக்காப்பு வளையம், பிடியின் பட்டை, உருளை எனப் பல இடங்களில் இருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் அது பிறந்த உடலுடன் உள்ளது. ஓரிடத்தில் வேறுபட்டால் ஏதோ ஒரு காலத்தில் பாகம் மாற்றப்பட்டுள்ளது. எண் தேய்த்து மீண்டும் அடிக்கப்பட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கொள்வது நலம். தொடர் எண்ணைக் கொண்டு அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதையும் ஏறத்தாழ அறியலாம்.

இரண்டாவது, பிறப்பிடம். இலண்டனில் செய்தவற்றில் அந்நகரின் சோதனை முத்திரைகள் இருக்கும். பெல்ஜியத்தின் லீயெஜ் நகரில் கோல்ட் வகையைப் பின்பற்றிப் பலர் செய்தனர். அவற்றில் நீள்வட்டத்துள் ஈ.எல்.ஜி. என்னும் எழுத்துகள் அடங்கிய முத்திரை காணப்படும். அவையும் பழம்பொருள்களே, ஆனால் ஹார்ட்ஃபோர்டு விலை பெறுவன அல்ல. 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் செய்யப்பட்டு வரும் மறுவடிவங்கள் வேறு. அவற்றின் முத்திரைகளை அழித்து, அமிலத்தால் முதுமை ஏற்றி விற்போரும் உண்டு.

மூன்றாவது, செதுக்கு வேலை எப்போது செய்யப்பட்டது என்பது. இதுவே இக்கலையின் இதயம்.

துரு சொல்லும் சாட்சியம்

தொழிற்சாலையில் வேலை நடந்த வரிசையை நினைவில் கொள்ள வேண்டும். எஃகும் இரும்பும் மென்மையாக, சாயமேற்றப்படாமல் இருக்கும் நிலையில்தான் கலைஞர் செதுக்குவார். அதன் பின்னரே சட்டகத்தை எலும்புக்கரியிலும் மரக்கரியிலும் வைத்துச் சூடேற்றி மேற்பரப்பைக் கடினமாக்குவர். அப்போது நீலமும் பழுப்பும் கலந்த வண்ணங்கள் அதில் படரும். குழலுக்கு நீலமேற்றுவர், அல்லது முழுவதற்கும் வெள்ளி, பொன் முலாமிடுவர். ஆகவே உண்மையான வேலைப்பாட்டில் சாயமும் முலாமும் கோடுகளின் அடிவரை இறங்கியிருக்கும். மேற்பரப்பின் சாயம் கைபட்டுத் தேய்ந்து போனாலும், கோடுகளின் பள்ளத்தில் அது தங்கியிருக்கும்.

பிற்காலத்தில், பழைய வெறும் துப்பாக்கியை எடுத்துச் செதுக்கினால் இவ்வரிசை தலைகீழாகும். சாயத்தின் மேல் வெட்டு விழும். பள்ளத்தில் உலோகம் பளிச்சிடும். அதை மறைக்கத் துப்பாக்கி முழுவதையும் தேய்த்து, மீண்டும் சாயமேற்ற வேண்டும். தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும். திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம் போல் குழியும். குழலின்மேல் உள்ள நிறுவன முகவரி மங்கும். செதுக்கு வேலை கூர்மையாகவும், அதன் அருகிலுள்ள முத்திரை தேய்ந்தும் இருந்தால், இரண்டும் ஒரே வயதின அல்ல என்று அறியலாம். ஒரே தோலில் ஒரு பகுதி மட்டும் முதுமை அடைவதில்லை.

துரு எல்லாவற்றினும் நேர்மையான சாட்சி. பழைய இரும்பில் துருவால் விழுந்த சிறு குழிகள் இருக்கும். கோடு முதலில் வெட்டப்பட்டுத் துரு பின்னர் வந்திருந்தால், குழி கோட்டின் ஓரத்தை அரித்திருக்கும். துரு முதலில் வந்து கோடு பின்னர் வெட்டப்பட்டிருந்தால், உளியின் கோடு குழிக்குள் இறங்கி ஏறும். அல்லது குழியின் ஓரத்தைத் துண்டித்துச் செல்லும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றும் பக்கவாட்டு வெளிச்சமும் இருந்தால் இதனைக் கண்டுகொள்ளலாம்.

கையின் தரமும் பேசும். தேர்ந்த கலைஞரின் சுருள் ஒரே மூச்சில் வளைந்து, உள்ளே செல்லச் செல்லச் சீராகக் குறுகும். நிழற்கோடுகள் ஒத்த இடைவெளியில் அமையும். முத்திரைகளும் எழுத்துகளும் உள்ள இடத்தை விட்டு, அவற்றைச் சூழ்ந்தே கொடி படரும். போலிக் கை தயங்கும். வளைவு முறிந்து முறிந்து செல்லும். உளி வழுக்கிய கீறல்கள் எஞ்சும். எழுத்தின் மேலேயே இலை வந்து விழும். மிக உயர்ந்த வேலைகளில் குழலின்மேல் வழக்கமான முகவரி முத்திரைக்குப் பதிலாகக் கோல்ட்டின் பெயரைப் பழைய செருமானிய எழுத்து வடிவில் கையால் செதுக்கியிருப்பதும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வாஷிங்டனின் உருவம் பொன்னில் பதித்த டிராகூன் ஒன்று உள்ளது. அதன் இணை, 1854இல் உருசியப் பேரரசர் முதலாம் நிகோலாசுக்கு வழங்கப்பெற்று, பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயர்ந்த வேலை எவ்வாறிருக்கும் என்பதற்குக் கண்ணைப் பழக்க இத்தகைய ஐயமற்ற பொருள்களின் படங்களையே முதலில் பார்க்க வேண்டும். நாணயமாற்றுக்காரர் கள்ளக் காசை அறிவது நல்ல காசைப் பல்லாயிரம் முறை தொட்ட விரலால்தான்.

பெயர் பொறிப்பும் காலக் கணக்கும்

விலையை ஒரே தாவலில் உயர்த்துவது பெயர் பொறிப்பு. கோல்ட் தாம் அன்பளிப்பாகக் கொடுத்தவற்றில் பெறுவோரின் பெயரையும், 'கண்டுபிடித்தவரிடமிருந்து' என்னும் பொருள்படும் சொற்களையும் பின்பட்டையில் பொறிக்கச் செய்தார். இதனாலேயே போலி செய்வோர் மிக எளிதாகக் கை வைக்கும் இடமும் அதுவாயிற்று. முழுத் துப்பாக்கியையும் செதுக்குவதற்குத் திறமை வேண்டும். ஒரு பெயரைச் செதுக்குவதற்குச் சில மணி நேரம் போதும்.

இங்குப் பயன்படுவது காலக் கணக்கு. ஓர் அறிவிப்பாளர் தாம் கேட்டதாகச் சொல்லும் ஆசிரியரை உண்மையில் சந்தித்திருக்க முடியுமா என்பதை, இருவரின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் கொண்டு முஹத்திஸ்கள் சோதித்தனர். அதே சோதனையை இங்கும் செய்யலாம். பொறிப்பில் உள்ள ஆண்டு, தொடர் எண் காட்டும் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கிறதா? பெயருக்குரியவர் அந்த ஆண்டில் அப்பதவியில் இருந்தாரா? எழுத்தின் வடிவம் அக்காலத்ததா?

நண்பர் அனுப்பிய துக்ராவுக்கு இப்போது வருகிறேன். துக்ரா பார்ப்பதற்குச் சிக்கலான கோலம் போல் தோன்றினும் அதற்குள் இருப்பது வாசிக்கத்தக்க வாசகமே: சுல்தானின் பெயர், அவர் தந்தையின் பெயர், 'என்றும் வெற்றியாளர்' என்னும் அடைமொழி. அப்துல் மஜீதின் துக்ராவில் 'அப்துல் மஜீத் கான் பின் மஹ்மூத்' என்று இருத்தல் வேண்டும். அவர் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் மைந்தர். நான் நிழற்படத்தில் வாசித்ததோ 'அப்துல் ஹமீத் கான் பின் அப்துல் மஜீத்'. அதன் வலப்புறத்தில் 'அல் காஸீ' என்ற சொல்லும் இருந்தது. இது 1876 முதல் 1909 வரை ஆண்ட மைந்தர் இரண்டாம் அப்துல் ஹமீதின் துக்ரா. 'அல் காஸீ' என்னும் சொல் அவரது ஆட்சியின் தொடக்க ஆண்டுகளுக்குப் பின்னரே நாணயங்களில் துக்ராவோடு இடம்பெற்றது. ஹிஜ்ரி 1270 என்பது 1853 - 54. தந்தைக்கு அனுப்பியதாகச் சொல்லும் பொருளில், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அரியணை ஏறிய மைந்தரின் முத்திரை! செதுக்கியவர் அரபு எழுத்தறியாதவர். எங்கும் எளிதில் கிடைக்கும் அப்துல் ஹமீத் காலத்து நாணயம் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். 'அப்துல் மஜீத்' என்ற பெயர் அதில் உள்ளது என்று யாரோ சொல்லியிருப்பர். உள்ளதுதான், தந்தையின் பெயராக.

மதிப்பும் விலையும்

ஐயம் நீங்கிய பொருளுக்கு விலை எவ்வாறு அமைகிறது? வேலைப்பாட்டின் பரப்பு, கலைஞரின் கை, எஞ்சியிருக்கும் மூலச் சாயத்தின் அளவு, எண்களின் ஒற்றுமை, உரிய மரப்பெட்டியும் மருந்துக்குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கேப்புச் சிமிழ் ஆகிய துணைப்பொருள்களும் இருத்தல், பெற்றவரின் வரலாற்றுச் சிறப்பு, உடைமைத் தொடரின் உறுதி ஆகியவற்றைச் சேர்த்தே மதிப்பிடுகின்றனர். 2018இல் அமெரிக்க ஏலமொன்றில், பெட்டியோடு எஞ்சிய வாக்கர் ஒன்று 18,40,000 டாலருக்கு விலைபோயிற்று. அதில் சிறப்புச் செதுக்கு வேலை எதுவும் இல்லை. அருமையும் உறுதியான வரலாறுமே விலையாயின. 2022 மே மாதத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி யுலிசிஸ் கிராண்ட்டுக்கு அன்பளிப்பாகத் தரப்பட்ட, நிம்ஷ்கே செதுக்கிய ரெமிங்டன் இணைத் துப்பாக்கிகள் 51,70,000 டாலர் பெற்றன. கலை, வரலாறு, சான்று மூன்றும் ஓரிடத்தில் கூடியதன் விலை அது.

பழம்பொருளைப் பளபளப்பாக்குவது அதனைக் கெடுப்பதாகும். மணல்தாளும் மெருகுச் சக்கரமும் ஒரு மணி நேரத்தில் அழிப்பதை நூற்றாண்டுகளாலும் மீட்க இயலாது. மெல்லிய எண்ணெய் தடவிய துணி போதும். தந்தப் பிடி உள்ளவற்றில் மேலும் ஒரு கவனம் வேண்டும். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. பழம்பொருளுக்கான விலக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் தந்த வாணிகத்துக்கு இடமே இல்லை.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், பழுதுபார்த்தாலும் பாராவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாத பழம்பொருளுக்கே விலக்களிக்கிறது. சுடும் நிலையில் உள்ளது எத்துணைப் பழமையானதாயினும் உரிமம் வேண்டும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதற்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடையாக நிற்கும். வாங்குமுன் வழக்கறிஞரிடமும் உரிய அதிகாரியிடமும் கேட்டறிவது கடமை.

எது அழிந்தது?

என் நண்பரின் கதையை முடித்துவிடுகிறேன். துக்ராவின் வாசகத்தை எழுதி அனுப்பிய பின்னர், அவர் பொருளைத் துறையறிந்த ஒருவரிடம் காட்டினார். துப்பாக்கி உண்மையான ஹார்ட்ஃபோர்டு நேவிதான்; எண்கள் அனைத்தும் ஒத்திருந்தன. ஆனால் கொடிவேலையின் கோடுகள் துருக்குழிகளுக்குள் இறங்கி ஏறியிருந்தன. யாரோ ஒருவர், அண்மைக் காலத்தில், வெறும் துப்பாக்கியாகக் கிடந்ததை எடுத்துச் 'சுல்தானின் துப்பாக்கி' ஆக்கியிருந்தார். விற்பவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நானும் உண்மை என்று நம்பித்தான் வாங்கினேன்" என்று அவர் கூறினாராம். அது உண்மையாகவே இருக்கலாம். போலியைச் செய்தவன் ஒருவன். அதன் பின்னர் அது நல்லவர்களின் கைகள் வழியாகவே பயணம் செய்கிறது. குறையைச் சொல்லாமல் விற்பதை நம் மார்க்கம் ஏன் அத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க இஃது ஓர் இடம். மறைத்தவரோடு அந்தப் பாவம் நின்றுவிடுவதில்லை. அறியாதவரின் நாவையும் பொய்க்குத் துணையாக்கிவிடுகிறது.

நண்பருக்குப் பணம் மீண்டது. எனினும் ஓர் இழப்பு மீளவில்லை. செதுக்கப்படுவதற்கு முன்னர் அந்தத் துப்பாக்கி எளிய, உண்மையான ஒரு வரலாற்றுச் சான்றாக இருந்தது. யாரோ ஒரு மாலுமியின் இடுப்பிலோ, வணிகரின் பெட்டியிலோ இருந்து, அதன் தேய்மானத்திலேயே தன் கதையை அது எழுதி வைத்திருந்தது. அந்தக் கதையின்மீது ஒரு சுல்தானின் பெயரை வெட்டியதால், சுல்தானின் பொருள் ஒன்று கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. இருந்த உண்மை ஒன்று அழிந்தது.

நம் இல்லங்களிலும் பழைய வாள்களும், அரபுத்தமிழ்ச் சுவடிகளும், கப்பற்கணக்கு ஏடுகளும், எழுத்துப் பொறித்த செப்புப் பாத்திரங்களும் உள்ளன. அவற்றின்மீது பெருமைக்காக ஒரு பெயரைச் சேர்க்கவும், அழகுக்காக ஒரு கறையைத் தேய்க்கவும் கைநீளும் வேளையில் சற்று நிறுத்தி, அங்கு ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் வாசித்துப் பார்ப்போமாக.